பலகையைக் கட்டுங்கள், பிறகு இயந்திரத்தை ஓட்டுங்கள்

 

இந்த மாதக் கைத்தொழில் பாடத்தில், வீட்டில் வைத்து ஓட்டும் மரச் செதுக்கு இயந்திரத்தில் பலகையை அசையாமல் பிடித்து நிறுத்துவது எப்படி என்று பார்ப்போம். கணினியில் வரைந்த படத்தைப் பார்த்து மரத்தில் செதுக்கித் தரும் சிறிய சி.என்.சி. ரூட்டர் இப்போது நம் தெருக்களில் சில வீடுகளுக்கு வந்துவிட்டது. பெயர்ப் பலகை, பிஸ்மில்லாஹ் பலகை, குர்ஆன் வைக்கும் ரெஹால், கதவுக்குப் பூ வேலை என்று வீட்டிலிருந்தே ஹலாலான ஒரு வருமானத்துக்கு இது வழி. ஆனால் இயந்திரம் வாங்கியவர்களிடம் கேட்டால், முதல் ஆறு மாதத்தில் பாழாய்ப்போன மரத்தில் பாதிக்கு மேல் படம் தவறியதால் அல்ல, பலகை நகர்ந்ததால் போனது என்றுதான் சொல்வார்கள்.

கையால் செதுக்கும் ஆசாரிக்கு உளி வழியாக மரம் பேசும். பலகை லேசாக நழுவினால் அவர் கை உடனே நிற்கும். இயந்திரத்துக்கு அந்த உணர்வு கிடையாது. பலகை எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. நாம் தொடக்கப் புள்ளியைக் காட்டிய இடத்தில்தான் மரம் கடைசிவரை இருக்கும் என்று நம்பிக்கொண்டு அது ஓடுகிறது. அந்த நம்பிக்கையைக் காப்பாற்றுவது நம் பொறுப்பு.

ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டுவிட்டு அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டலாமா என்று கேட்டவரிடம், முதலில் கட்டு, பிறகு பொறுப்புச் சாட்டு என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியதாகத் திர்மிதியில் வரும் செய்தியை நாம் எல்லோரும் அறிவோம். இந்தப் பாடம் முழுவதும் அந்த ஒரு விஷயம்தான்.

நான் கெடுத்த ஒரு பலகை

எங்கள் தெருவில் ஒரு ராத்தா, இடித்துக் கட்டிய தன் வாப்பாவின் பழைய வீட்டுக் கதவிலிருந்து ஒரு தேக்குப் பலகையை எடுத்துவைத்திருந்தார். புது வீட்டு வாசலுக்கு அதில் பிஸ்மில்லாஹ் செதுக்கித் தரச் சொல்லி என்னிடம் கொடுத்தார். பழைய மரம், நன்றாகக் காய்ந்தது, இரும்பு போல இருந்தது. நடுவில் லேசான குழிவு இருந்ததை நான் கவனித்தேன். கவனித்தும் இழைக்கவில்லை. அஸருக்குள் முடித்துவிடலாம் என்ற அவசரம்.

ஒரு பக்கம் இரண்டு கிளாம்ப் போட்டேன். மறுபக்கம் கிளாம்ப் போட்டால் எழுத்தில் இடிக்கும் என்று, சுவரில் கொக்கி ஒட்டுகிற பஞ்சு டேப்பை அடியில் வைத்து அழுத்திவிட்டேன். முக்கால் மணி நேரம் நன்றாக ஓடியது. பிறகு டேப் ஒட்டிய மூலை மெல்ல மேலே எழும்பியது. நான் செய்த அடுத்த தவறுதான் பெரியது. இயந்திரத்தை நிறுத்தாமல், அந்த மூலையைக் கையால் அழுத்திப் பிடித்தேன். பலகை துள்ளியது. பிட் உடைந்து ஒரு துண்டு என் கண்ணாடியில் பட்டுத் தெறித்தது. எழுத்தின் பாதி ஆறு மில்லிமீட்டர் தள்ளிப் போயிருந்தது.

ராத்தாவிடம் போய் உள்ளதைச் சொன்னேன். அவர் பலகையைக் கையில் வாங்கிப் பார்த்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "மரம் போனாப் போகுது தம்பி, கை நல்லாருக்குல்ல?" என்றார். திட்டியிருந்தால்கூட எனக்கு எளிதாக இருந்திருக்கும். பலகைக்குரிய பணத்தைக் கொடுக்கப் போனேன். வாங்க மறுத்துவிட்டார். அது விலைக்கு வாங்கிய மரம் இல்லையே!

வாடிக்கையாளர் தரும் மரம் நம்மிடம் அமானத். நம் கவனக்குறைவால் அது கெட்டால் பொறுப்பும் நம்முடையதுதான். எந்த நிலையில் எவ்வளவு ஈடு கொடுக்க வேண்டும் என்ற மஸாயில்களை ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த நிலை வராமல் இருக்க என்ன செய்வது என்பதை இங்கே பார்ப்போம்.

முதலில் உங்கள் இயந்திரம் எந்த வகை?

வீட்டு இயந்திரங்கள் மூன்று வகையாக வேலை செய்கின்றன. ஒவ்வொன்றுக்கும் பலகையைத் தாங்கும் விதம் வேறு.

முதல் வகையில் பலகையோடு சேர்ந்து மேடையும் முன்னும் பின்னும் நகரும். 3018 என்று விற்கப்படும் சிறிய இயந்திரம் இந்த வகை. 30 செ.மீ.க்கு 18 செ.மீ. அளவு வேலை செய்யும். இதில் மேடையை விட நீளமான பலகையை வைத்தால், வெளியே தொங்கும் பகுதியின் பாரம் மேடையைச் சாய்க்கும். செதுக்கும் ஆழம் ஒரு முனையில் கூடி மறு முனையில் குறையும். எனவே இந்த வகையில் பலகை மேடைக்குள் அடங்கும்படி அறுத்துக்கொள்வதே நல்லது.

இரண்டாம் வகையில் மேடையும் பலகையும் நிற்கும், வெட்டும் தலை மட்டும் நகரும். இதில் பலகை நீண்டால் பிரச்சினை குறைவு. ஆனால் வெளியே நீளும் முனைக்கு மேடையின் அதே உயரத்தில் ஒரு தாங்கு வேண்டும். ஸ்டூல் மீது செங்கலும் அட்டையும் அடுக்கினால் அதிர்வில் சரியும். மரக்கால் ஒன்றை அளந்து அறுத்து நிறுத்துங்கள்.

மூன்றாம் வகையில் பலகையே உருளைகளுக்கு நடுவே உள்ளே போய் வெளியே வரும். இதில் கிளாம்ப் கிடையாது, உருளைகளின் அழுத்தம்தான் பிடி. ஆகவே நான்கு விஷயம் முக்கியம். ஒன்று, பலகையின் இரண்டு நீள ஓரங்களும் நேராகவும் ஒன்றுக்கொன்று இணையாகவும் இழைக்கப்பட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் போகப்போகக் கோணும். இரண்டு, படத்துக்கு முன்னும் பின்னும் மிச்ச மரம் இருக்க வேண்டும். படம் முடியும் முன்பே பலகையின் முனை உருளையை விட்டு வெளியேறினால் பிடி போய்விடும். எவ்வளவு மிச்சம் என்பதை உங்கள் இயந்திரத்தின் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். மூன்று, நீளமான பலகைக்கு உள்ளே போகும் பக்கமும் வெளியே வரும் பக்கமும் உருளைத் தாங்கிகள் வேண்டும். முனை தொங்கினால் உள்ளே இருக்கும் பகுதி மேலே தூக்கும், கடைசியில் ஆழமான ஒரு பள்ளம் விழும். நான்கு, உருளைகளில் மரத்தூள் படிந்தால் பலகை வழுக்கும், இயந்திரத்தின் நீளக் கணக்கு தவறும். ஒவ்வொரு வேலைக்கும் முன் துடைக்க வேண்டும்.

இனி வரும் செய்திகள் பெரும்பாலும் முதல் இரண்டு வகைகளுக்கு உரியவை.

அடிப்பலகை சமமாக இருக்கட்டும்

இயந்திரத்தின் மேடை மீது நேரடியாக வேலைப் பலகையை வைக்காதீர்கள். 12 அல்லது 18 மி.மீ. எம்.டி.எஃப். பலகை ஒன்றை மேடை மீது நிரந்தரமாகத் திருகி வையுங்கள். அதுதான் அடிப்பலகை. பிட் வெட்டி முடித்துக் கீழே இறங்கும்போது கீறல் வாங்குவது அதன் வேலை. அலுமினிய மேடையைப் பிட் தொட்டால் பிட்டும் போகும், மேடையும் போகும்.

அடிப்பலகையைத் திருகிய பிறகு, அகலமான பிட் ஒன்றைப் போட்டு அதன் மேற்பரப்பு முழுவதையும் அந்த இயந்திரத்தை வைத்தே அரை மில்லிமீட்டர் சீவி எடுங்கள். இப்போது அடிப்பலகை வெட்டும் தலைக்குச் சரியான இணையில் இருக்கும். கீறல் அதிகமாகும்போது மறுபடி சீவலாம். மிகவும் மெலிந்துவிட்டால் மாற்றிவிடலாம். திருகுகளின் தலை, சீவும் ஆழத்துக்கும் கீழே நன்றாகப் பதிந்திருக்கிறதா என்று முன்பே பாருங்கள்.

எதற்கு இவ்வளவு பாடு? எழுத்து வேலைக்கு நாம் பயன்படுத்துவது கூம்பு வடிவ பிட். 90 டிகிரி கூம்பு பிட் எவ்வளவு ஆழம் இறங்குகிறதோ அதைப்போல் இரண்டு மடங்கு அகலமாக வெட்டும். 1 மி.மீ. இறங்கினால் கோடு 2 மி.மீ. அகலம். அப்படியானால் பலகை ஓரிடத்தில் அரை மில்லிமீட்டர் உயர்ந்திருந்தாலே அங்கே கோடு 1 மி.மீ. தடித்துவிடும். அரபி எழுத்தின் அழகே அது மெலிந்து தடித்து வளைவதில்தான் இருக்கிறது. மெலிய வேண்டிய இடம் தடித்தால், பார்க்கிறவருக்குக் காரணம் தெரியாவிட்டாலும் ஏதோ சரியில்லை என்று தோன்றும்.

பலகையைச் சோதித்துப் பாருங்கள்

பலகையைச் சமதளத்தில் வைத்து நான்கு மூலையிலும் விரலால் தட்டுங்கள். ஒரு மூலை ஆடினால் அது முறுக்கிய பலகை. நேரான இரும்பு ஸ்கேலைக் குறுக்காக வைத்து வெளிச்சத்தில் பாருங்கள். நடுவில் வெளிச்சம் தெரிந்தால் குழிவு.

முறுக்கு இருந்தால் இழைத்துச் சமப்படுத்தாமல் வேறு வழியில்லை. குழிவு சிறிதளவுதான் என்றால், குழிந்த பக்கத்தைக் கீழே வைத்தால் பலகை இரண்டு ஓரத்திலும் நின்று ஆடாமல் இருக்கும். ஆனால் நடுவில் அடியில் இடைவெளி இருக்கிறது. அதை மெல்லிய அட்டையோ மரச் சீவலோ வைத்து நிரப்புங்கள். நிரப்பாமல் கிளாம்ப் போட்டு இறுக்கினால், செதுக்கும்போது தட்டையாக இருக்கும். கழற்றியதும் பழைய வளைவுக்கே போய்விடும். மேற்பரப்பு சமமாக இல்லாவிட்டால் எழுத்தும் சீராக வராது. ஆகவே முடிந்தவரை இழைத்துவிடுங்கள்.

பச்சை மரம் வேண்டாம். வேம்பும் பூவரசும் நம் பக்கத்தில் எளிதாகக் கிடைக்கும். ஆனால் காயாத மரத்தைச் செதுக்கினால் இன்று சரியாகப் பிடித்தது நாளை சுருங்கித் தளரும். முடிந்த வேலையும் வெடிக்கும். பழைய கதவு, ஜன்னல் மரம் என்றால் ஆணி இருக்கிறதா என்று காந்தத்தை வைத்துத் தேடுங்கள். உள்ளே உடைந்து கிடக்கும் ஒரு சிறு ஆணி போதும், பிட்டை முறித்துவிடும்.

பிடிக்கும் முறைகள்

*கிளாம்ப்:* இயந்திரத்தோடு வரும் சிறு கிளாம்ப்கள் நல்லவைதான், போடும் முறை தெரிந்தால். கிளாம்பின் ஒரு முனை பலகை மீது, மறு முனை ஒரு கட்டை மீது, நடுவில் போல்ட். அந்தக் கட்டை பலகையின் உயரமே இருக்க வேண்டும், அல்லது ஒரு நூல் கூடுதலாக இருக்கலாம். தாழ்ந்திருந்தால் கிளாம்ப் பலகையின் ஓரத்தை மட்டும் தொட்டு வழுக்கும். போல்ட் பலகைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், கட்டைக்குப் பக்கத்தில் அல்ல. பாரம் தூக்கும் கடப்பாரையை நினைத்துக்கொண்டால் காரணம் புரியும். ஒரு பக்கம் மட்டும் கிளாம்ப் போடவே கூடாது. எதிரெதிர்ப் பக்கங்களில் குறைந்தது நான்கு போடுங்கள்.

கிளாம்பில் பிட் மோதுவது அடுத்த ஆபத்து. ஓரிடத்தில் செதுக்கி முடித்து அடுத்த இடத்துக்குப் போகும்போது பிட் எவ்வளவு உயரம் தூக்க வேண்டும் என்று மென்பொருளில் ஓர் அளவு இருக்கும். அது 5 மி.மீ. என்று இருந்து, உங்கள் கிளாம்ப் பலகைக்கு மேல் 12 மி.மீ. நீட்டிக்கொண்டிருந்தால், வழியில் நேராகப் போய் மோதும். கிளாம்பின் உச்சியை அளந்து, அதைவிடக் கூடுதலாக, இந்த உதாரணத்தில் 15 மி.மீ.க்கு மேல் வையுங்கள். பிட்டைப் பிடித்திருக்கும் நட்டும் மோட்டாரும் பிட்டை விட அகலமானவை. பிட் தப்பினாலும் அவை இடிக்கலாம். எனவே படத்தின் ஓரத்துக்கும் கிளாம்புக்கும் நடுவே தாராளமாக இடம் விடுங்கள்.

*ஸ்க்ரூ:* படத்தைச் சுற்றி இரண்டு விரற்கடை மிச்ச மரம் இருந்தால், அதில் ஸ்க்ரூ போட்டு அடிப்பலகையோடு முடுக்குவதே மிக உறுதியான வழி. முதலில் மெல்லிய துளை போட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஓரம் பிளக்கும். ஸ்க்ரூ இருக்கும் இடங்களைப் பென்சிலால் வட்டமிட்டு, பிட் அந்தப் பக்கம் வருகிறதா என்று கணினியில் சரிபாருங்கள். வேலை முடிந்ததும் மிச்ச ஓரத்தை அறுத்துவிடலாம். வாடிக்கையாளரிடம் மரம் கேட்கும்போதே, வேண்டிய அளவைவிடச் சுற்றிலும் இரண்டு அங்குலம் கூடுதலாகத் தரச் சொல்லுங்கள். பெரும்பாலான தொல்லை அங்கேயே தீரும்.

*டேப்பும் பசையும்:* ஓரத்தில் மிச்சம் இல்லாத பலகைக்கு இது நல்ல வழி. பெயின்டர்கள் ஒட்டும் மாஸ்கிங் டேப்பை அடிப்பலகையில் வரிசையாக ஒட்டுங்கள். வேலைப் பலகையின் அடியிலும் அதேபோல் ஒட்டுங்கள். விரலால் நன்றாகத் தேயுங்கள். ஒரு பக்க டேப்பின் மீது ஃபெவிகுயிக் போன்ற உடனடிப் பசையைக் கோடுகோடாக விட்டு, பலகையை நேராக இறக்கி ஒரு நிமிடம் அழுத்துங்கள். பசை டேப்போடுதான் ஒட்டும், மரத்தில் படாது. முடிந்ததும் பிளாஸ்டிக் ஸ்கேலை அடியில் நுழைத்து மெல்ல நெம்பினால் வந்துவிடும். ஒட்டும் முன் இரண்டு பரப்பிலும் தூசு இருக்கக் கூடாது. குளிர்ச்சியான, ஈரமான பரப்பிலும் டேப் பிடிக்காது.

இரட்டைப் பக்க டேப்பும் பயன்படும், மெல்லிய வகையாக இருந்தால். நான் போட்ட பஞ்சு டேப் எந்த வேலைக்கும் ஆகாது. பஞ்சு அமுங்கும், நிமிரும், பக்கவாட்டிலும் இழுபடும்.

*ஆப்பு:* ஒரே அளவில் பல பலகைகள் செய்யும்போது, உதாரணமாக ரெஹாலின் இரண்டு இலைகள், அடிப்பலகையில் 'எல்' வடிவில் இரண்டு சட்டங்களைத் திருகிவிடுங்கள். மூலைமட்டம் வைத்துச் சரிபார்த்துத் திருகினால், ஒவ்வொரு பலகையும் அதே மூலையில் வந்து உட்காரும். தொடக்கப் புள்ளியை ஒவ்வொரு முறையும் தேட வேண்டாம். எதிர்ப் பக்கத்தில் ஒரு கட்டையைத் திருகி, அதற்கும் பலகைக்கும் நடுவே சரிவான இரண்டு ஆப்புகளை எதிரெதிராக நுழைத்துத் தட்டினால் இறுகும். மேலே எதுவும் நீட்டாது. ஆனால் ஆப்பு பலகையைப் பக்கவாட்டில்தான் பிடிக்கும். மேலே எழும்புவதைத் தடுக்காது. அதனால் ஆப்போடு கொஞ்சம் டேப்பும் சேர்த்துப் போடுவது நல்லது. அளவுக்கு மீறி அடித்தால் மெல்லிய பலகை நடுவில் வில் போல எழும்பும்.

பிட்டின் இழுப்பை அறிந்துகொள்ளுங்கள்

பிட்டின் திருகு வடிவைப் பாருங்கள். சாதாரண வகை, தூளை மேலே வாரி எறியும். தூள் நன்றாக வெளியேறும். ஆனால் பலகையையும் மேலே இழுக்கும். எதிர்த் திருகு கொண்ட வகை பலகையைக் கீழே அழுத்தும். மேல் ஓரம் சுத்தமாக வரும், ஆனால் தூள் பள்ளத்திலேயே அடையும். மெல்லிய பிளைவுட் நடுவில் எழும்பித் துடித்தால், கீழே அழுத்தும் பிட்டுக்கு மாறுங்கள், அல்லது நடுவிலும் டேப் போடுங்கள்.

ஒரே மூச்சில் ஆழமாக வெட்டாதீர்கள். 3 மி.மீ. பிட்டுக்கு ஒரு சுற்றில் 1 மி.மீ. போதும், சிறிய இயந்திரத்தில் தேக்கு, வேங்கை போன்ற மரத்துக்கு அரை மில்லிமீட்டர். நேரம் கூடும். ஆனால் மரத்தின் மீது தள்ளுவிசை குறையும், பிடியும் நிலைக்கும். மழுங்கிய பிட் வெட்டாமல் தள்ளும். பிடி சரியாக இருந்தும் பலகை நகர்கிறது என்றால் பிட்டைப் பாருங்கள்.

நுக்தாக்களை மறக்காதீர்கள்

எழுத்தை மரத்தில் பதித்துச் செதுக்குவது ஒன்று. எழுத்தையே தனியாக அறுத்தெடுப்பது வேறொன்று. அறுத்தெடுக்கும்போது கடைசிச் சுற்றில், அதுவரை பலகையோடு இருந்த துண்டு தனித்துவிடும். பிடி எதுவும் இல்லாத அந்தத் துண்டைச் சுழலும் பிட் தட்டினால் அது கல் போலப் பறக்கும், அல்லது பிட்டுக்கும் பலகைக்கும் நடுவே சிக்கி இரண்டையும் கெடுக்கும்.

அரபி எழுத்தில் இது இன்னும் கூர்மையான விஷயம். 'பா'வுக்குக் கீழே ஒரு புள்ளி, 'தா'வுக்கு மேலே இரண்டு, 'ஸா'வுக்கு மூன்று. புள்ளி போனால் எழுத்தே மாறும், பொருளும் மாறும். அந்தப் புள்ளிகள் எதனோடும் ஒட்டாமல் தனியே நிற்கும் சிறு துண்டுகள். 'மீம்', 'வாவ்' எழுத்துகளின் உள்ளே இருக்கும் வட்டங்களும் அப்படித்தான்.

இதற்கு இரண்டு வழி. ஒன்று, மென்பொருளில் 'டேப்' எனப்படும் பாலங்களை வைப்பது. ஒட்டும் டேப் வேறு, இது வேறு. ஒவ்வொரு துண்டுக்கும் மூன்று நான்கு இடங்களில், சுமார் 5 மி.மீ. அகலமும் 2 மி.மீ. கனமும் வெட்டாமல் விட்டுவிடும்படி சொல்லலாம். வேலை முடிந்ததும் மெல்லிய ரம்பத்தால் அறுத்து, உப்புத்தாளால் தேய்த்துவிடலாம். இரண்டு, பாலம் வைக்க இடமில்லாத சிறு நுக்தாக்களுக்கு, பலகையின் அடி முழுவதும் மாஸ்கிங் டேப்பும் பசையும் போட்டு ஒட்டுவது. அறுபட்ட பிறகும் துண்டு அதே இடத்தில் இருக்கும். எடுக்கும் முன் ஒவ்வொரு துண்டின் அடியிலும் பென்சிலால் எண் போட்டுக்கொண்டால் பிறகு குழப்பம் வராது.

இன்னொரு வேண்டுகோள். புதிதாகப் பழகும்போது அல்லாஹ்வின் திருநாமத்தையோ ஆயத்தையோ செதுக்கிப் பழகாதீர்கள். கெட்டுப்போன பலகையை நாம் அடுப்பில் போடவும் முடியாது, காலில் படும்படி மூலையில் எறியவும் முடியாது. பூவும் கொடியும் நட்சத்திரமும் வைத்துப் பழகி, கை தேறிய பிறகு எழுத்துக்கு வாருங்கள்.

தொடங்கும் முன்பும் ஓடும்போதும்

1. பலகையை இரு கையாலும் நான்கு திசையிலும் தள்ளிப் பாருங்கள். கொஞ்சம் அசைந்தாலும் மறுபடி பிடியுங்கள்.

2. விரல் கணுவால் பலகை முழுவதும் தட்டுங்கள். டொக்கு ஓசை வரும் இடத்தில் அடியில் இடைவெளி இருக்கிறது.

3. மோட்டாரை அணைத்து, பிட்டை நான்கு மூலைக்கும் கொண்டுபோய், பிட்டுக்கும் மரத்துக்கும் நடுவே ஒரு தாளை வைத்துப் பாருங்கள். நான்கு இடத்திலும் தாள் ஒரே மாதிரி லேசாக உரச வேண்டும்.

4. தொடக்கப் புள்ளியைப் பலகையிலும் அடிப்பலகையிலும் பென்சிலால் குறியுங்கள்.

5. பிட்டைக் கிளாம்ப்களுக்கு மேலே 20 மி.மீ. உயரத்தில் வைத்து, வேலை முழுவதையும் ஒரு முறை காற்றிலேயே ஓட விடுங்கள். எங்கே மோதும் என்பது அப்போதே தெரிந்துவிடும்.

6. நிறுத்தும் சுவிட்ச் இயந்திரத்துக்கு மேலோ பின்னாலோ இருக்கக் கூடாது. சுழலும் பிட்டைத் தாண்டிக் கை போகாமல் தொடும்படி இருக்கட்டும்.

7. ஓடும் இயந்திரத்தைத் தனியே விட்டுப் போகாதீர்கள். தொழுகைக்கு நேரமானால் நிறுத்திவிட்டுப் போங்கள். பாங்கு நேரத்திலும் இரவிலும் ஓட்டாமல் இருப்பது அண்டை வீட்டாருக்கு நாம் செய்ய வேண்டிய கடமை.

8. பலகை அசைந்தால் கையால் தொடாதீர்கள். சுவிட்சை அணையுங்கள். பிட் முழுதாக நின்ற பிறகுதான் கை உள்ளே போக வேண்டும். மரத்துக்குப் பதில் மரம் உண்டு. விரலுக்குப் பதில் விரல் இல்லை.

மின்சாரம் போனால் இரண்டு காரியம் உடனே செய்யுங்கள். மோட்டாரின் சுவிட்சை அணையுங்கள். தனி சுவிட்ச் உள்ள மோட்டார், மின்சாரம் திரும்பியதும் தானாகச் சுழலத் தொடங்கும், உங்கள் கை அப்போது எங்கே இருக்குமோ! அடுத்து, பலகையைக் கழற்றாதீர்கள். இயந்திரம் தான் இருந்த இடத்தை மறந்திருக்கும். பலகை இருந்த இடத்திலேயே இருந்தால், குறித்துவைத்த தொடக்கப் புள்ளியிலிருந்து மீண்டும் தொடங்கலாம். கழற்றிவிட்டால் அந்த வேலை அநேகமாக முடிந்தது.

வீட்டாரின் பாதுகாப்பு

கண் கண்ணாடி கட்டாயம். என் கண் தப்பியது அல்லாஹ்வின் கிருபையால், அன்று மூக்குக் கண்ணாடி போட்டிருந்ததால். துப்பட்டா, புர்காவின் தளர்ந்த கை, அவிழ்ந்த முடி, மோதிரம், கைக்கயிறு எதுவும் பிட் பக்கம் போகக் கூடாது. வீட்டிலிருந்து தொழில் செய்யும் சகோதரிகள் கையில் இறுகப் பிடிக்கும் உடையை அணிந்து, முக்காட்டின் முனைகளை உள்ளே செருகிக்கொள்ளுங்கள். கையுறையும் வேண்டாம், சுழலும் பிட் நூலைப் பிடித்தால் கையையும் சேர்த்து இழுக்கும்.

மரத்தூளைத் தொடர்ந்து சுவாசிப்பது புற்றுநோய்க்குக் காரணமாகலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்தியிருக்கிறது. எம்.டி.எஃப். தூள் இன்னும் நுண்ணியது. என்95 முகக்கவசம் அணியுங்கள், வாக்குவம் வைத்துத் தூளை இழுத்துவிடுங்கள். படுக்கையறையிலும் அடுப்பங்கரையிலும் இயந்திரம் வேண்டாம். பிள்ளைகள் பார்க்க ஆசைப்படுவார்கள். கதவுக்கு வெளியே நின்று கண்ணாடி வழியாகப் பார்க்கட்டும்.

பயிற்சி

ஒரு சாண் நீளமுள்ள துண்டுப் பலகைகள் மூன்றை எடுத்து, ஒரே பூப் படத்தை மூன்றிலும் செதுக்குங்கள். முதலாவது கிளாம்ப், இரண்டாவது ஸ்க்ரூ, மூன்றாவது டேப்பும் பசையும். முடிந்ததும் மூன்றையும் பக்கத்தில் வைத்துக் கோட்டின் அகலத்தை நான்கு இடத்தில் அளந்து எழுதுங்கள். எந்தப் பலகைக்கு எந்தப் பிடி என்பதை உங்கள் கையே சொல்லும். பிறகு இந்தக் கேள்விகளுக்கு விடை சொல்லிப் பாருங்கள்:

கிளாம்பின் போல்ட் ஏன் பலகைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும்? பலகை ஓரிடத்தில் 1 மி.மீ. உயர்ந்திருந்தால் 90 டிகிரி பிட்டின் கோடு எவ்வளவு தடிக்கும்? ஆப்பு எதைத் தடுக்காது? மின்சாரம் போனால் முதலில் எந்த சுவிட்சை அணைக்க வேண்டும்?

முடிவாக

ஜகரிய்யா (அலை) அவர்கள் தச்சராக இருந்தார்கள் என்று ஸஹீஹ் முஸ்லிமில் வருகிறது. நபி (ஸல்) அவர்களின் மிம்பரை ஒரு தச்சர் காட்டு மரத்திலிருந்து செய்து கொடுத்த செய்தி புகாரியில் இருக்கிறது. மரவேலை நமக்குக் கண்ணியமான தொழில். கருவி மாறியிருக்கிறது, தொழிலின் ஒழுக்கம் மாறவில்லை.

அந்த ராத்தாவின் பலகையில் ஒரு முழ நீளம் கெடாமல் மிஞ்சியிருந்தது. மூன்று வாரம் கழித்து அதை இழைத்து, அடி முழுவதும் டேப்பும் பசையும் போட்டு, எதிரெதிர் ஓரங்களில் நான்கு கிளாம்ப்களும் போட்டு, சிறிய எழுத்தில் செதுக்கிக் கொடுத்தேன். அன்று பிடித்து நிறுத்த ஒன்றரை மணி நேரம் ஆனது. செதுக்க நாற்பது நிமிடம்தான். இப்போதும் எனக்கு வேலையின் கணக்கு அதுதான். அந்தப் பலகை அவர் வாசலுக்கு மேலே இருக்கிறது. கெட்டுப்போன பாதியில் எழுத்து இருந்ததால் அதைத் துணியில் சுற்றி அலமாரியின் மேல் தட்டில் வைத்திருக்கிறேன். அவசரம் வரும் நாட்களில் அது கண்ணில் படும்.

இயந்திரம் வைத்திருப்பவர்களும் வாங்க நினைப்பவர்களும் சந்தேகம் இருந்தால் கேளுங்கள். தெரிந்ததைச் சொல்லிக்கொடுப்பதும் ஸதகாதான். நம் கைகளுக்குப் பாதுகாப்பையும் நம் உழைப்பில் பரக்கத்தையும் அல்லாஹ் தருவானாக. ஆமீன்.